வெள்ளெழுத்து வந்த கண்ணும் தூண்டில் நரம்பும்

பொழுது சாயும்போதுதான் மீன் நன்றாகக் கடிக்கும். லூரின் (மீனை ஏமாற்றும் செயற்கை இரையின்) காது, அதாவது நரம்பைக் கோக்கும் துளை, கண்ணுக்குத் தெரியாமல் போவதும் அதே நேரத்தில்தான். கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள தூண்டில் நரம்பைக் காதுக்குள் நுழைக்கப் பார்த்தால் நுனி இடப்பக்கம் வழுக்கும், வலப்பக்கம் வழுக்கும், கடைசியில் சுருண்டுகொள்ளும். ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் லூரை மாற்றாமல் காலையில் கட்டியதையே மாலைவரை வீசிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

கண்ணில் நடப்பது இரண்டு. ஒன்று, விழிவில்லை வயதாக ஆக இறுகிவிடுகிறது. இருபது வயதில் 10 செ.மீ. பக்கத்தில் வைத்தாலும் தெளிவாகத் தெரியும். ஐம்பதில் அந்தத் தூரம் ஏறக்குறைய 50 செ.மீ. ஆகிறது, அறுபதில் ஒரு மீட்டரை எட்டிக் கை நீளத்தையே தாண்டிவிடுகிறது. இதுதான் வெள்ளெழுத்து. இரண்டு, கண்மணியின் துளை சுருங்குகிறது, வில்லையும் மஞ்சளிக்கிறது. இருபது வயது விழித்திரைக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயது விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. அந்தி நேரத்தில் இந்த இரண்டு குறையும் ஒன்றாகச் சேர்ந்து படுத்துகின்றன.

கண்ணாடியின் பவரைக் கூட்டினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். ஓரளவுக்கு உண்மை. ஆனால் பவர் கூடக் கூட, தெளிவாகத் தெரியும் இடைவெளி குறுகிக்கொண்டே வரும். +2.5 கண்ணாடியில் பார்வை 40 செ.மீ.யில் குவியும். கால் டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) முன்பின் பிசகினாலும் கண் தாங்கிக்கொள்ளும் என்று வைத்தால், சுமார் 36 முதல் 44 செ.மீ. வரை, அதாவது 8 செ.மீ. அளவுக்குக் கை நகர இடமுண்டு. +4 போட்டால் குவிவது 25 செ.மீ.யில். அங்கே கிடைக்கும் இடம் 3 செ.மீ. மட்டுமே. படகு லேசாக ஆடினாலே நரம்பு மங்கிவிடும். +3 பலருக்கும் தோதாக இருக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்க்கும் பூதக்கண்ணாடியைத் தவிர்ப்பது நல்லது. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் காது முன்னே இருக்கிறதா, நரம்பு முன்னே இருக்கிறதா என்று பிடிபடும்.

பவரை விட வெளிச்சமும் பின்னணியும் அதிகம் உதவும் என்பது பலருக்கும் தெரியாது. நிறமற்ற நைலான் நரம்பு கண்ணாடித் தண்டு போன்றது. வானத்தை நோக்கிப் பிடித்தால் வானத்தோடு கலந்துவிடும். கறுப்புத் துணிக்கு முன்னால் பிடித்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் வெள்ளிக் கோடாக மின்னும். பச்சை, கறுப்பு நிறப் பின்னல் நரம்புக்கு இது தலைகீழ்: வெள்ளைத் துணிதான் பின்னால் இருக்க வேண்டும். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக ஒரு துண்டுத் துணியைச் சட்டையின் மேல் குத்திக்கொண்டால் இரண்டுக்கும் ஆகும். தலை விளக்கு நேராக அடித்தால் காதின் உலோகம் பளிச்சிட்டுத் துளையை மறைத்துவிடும். தலையைச் சற்றுத் திருப்பி, ஒளியைச் சாய்வாக விழச் செய்ய வேண்டும். கண்புரை தொடங்கியவர்களுக்கு இந்தப் பளிச்சிடல் இன்னும் மோசமாக இருக்கும்.

இனி விரலின் வேலை. நரம்பின் நுனி ஏன் வளைந்து விலகுகிறது? மெல்லிய தண்டை நுனியில் அழுத்தினால் அது எந்த அழுத்தத்தில் வளையும் என்பதற்கான கணக்கை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் போட்டுக் காட்டிவிட்டார். நீளம் பாதியானால் தாங்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். நரம்பை விரலுக்கு வெளியே 20 மி.மீ. நீட்டிப் பிடிப்பவர் 5 மி.மீ. மட்டும் நீட்டினால், அதே நரம்பு 16 மடங்கு விறைப்பாக நிற்கும். தடிமன் இதைவிடப் பெரிய வித்தியாசம் செய்யும், ஏனென்றால் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 0.20 மி.மீ. நரம்பை விட 0.30 மி.மீ. நரம்பு ஐந்து மடங்கு விறைப்பு.

ஆகவே ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் நுனி அரிசி நீளத்துக்கு மட்டும் தெரியும்படி நரம்பைப் பிடியுங்கள். நரம்பைக் காதுக்குக் கொண்டு போகாமல், காதை நரம்பின் மேல் கொண்டுவந்து கவிழுங்கள். அப்போது இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பகுதியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கட்டும். கை நடுங்கினாலும் இரண்டும் சேர்ந்தே நடுங்கும், நுனிக்கும் காதுக்கும் உள்ள தூரம் மாறாது. லூரைக் கையில் பிடிக்காமல், அதன் முள்ளைப் பூட்டுக் கிடுக்கியில் கவ்விக்கொள்வது இன்னும் நல்லது. மூன்று முனை முள் இருக்கும் லூரில் அது விரலையும் காப்பாற்றும்.

நுனியைக் கூரான வெட்டியால் சாய்வாக வெட்ட வேண்டும். மொண்ணைக் கத்தரி நைலானை நசுக்கி அகலமாக்கிவிடும், பின்னல் நரம்பைப் பிரித்துத் துடைப்பமாக்கிவிடும். பின்னல் நரம்பின் கடைசி ஒரு சென்டிமீட்டரில் நகப்பூச்சு தடவி, காய்ந்தபின் சாய்வாக வெட்டினால் ஊசி போல நுழையும். இவ்வளவு செய்தும் நுழையவில்லை என்றால் காதைச் சந்தேகியுங்கள். ஈயத்தலை ஜிக்குகளின் (முள்ளோடு ஈயக் குண்டு சேர்த்த லூர்களின்) காதில் பெயின்ட் அடைத்திருப்பது சர்வ சாதாரணம், மங்கிய கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பெட்டியில் அடுக்கும்போதே எல்லாக் காதுகளையும் ஊசியால் குத்திப் பார்த்துவிட வேண்டும். தையல்காரர்கள் நூல் கோக்கும் மெல்லிய கம்பிக் கண்ணியும் சிறிய காதுகளுக்குக் கைகொடுக்கும். கம்பியைக் காதில் செருகி, அதன் அகலமான கண்ணிக்குள் நரம்பைப் போட்டு இழுத்தால் வேலை முடிந்தது.

இத்தனையும் நரம்பு காதுக்குள் போயே ஆக வேண்டிய நேரத்துக்கு. நீர்க்கரையில் அந்த வேலையே இல்லாமல் செய்துவிடவும் முடியும். ஊக்கு போலத் திறந்து மூடும் ஸ்னாப்பை நரம்பின் நுனியில் வீட்டிலேயே, நல்ல விளக்கடியில் கட்டிவிடுங்கள். அதற்குப் பாலோமர் முடிச்சு போதும்: நரம்பை 15 செ.மீ. மடித்து, மடிப்பை ஸ்னாப்பின் வளையத்துக்குள் விட்டு, தளர்வாக ஒரு சாதா முடிச்சுப் போட்டு, மடிப்பின் கண்ணிக்குள் முழு ஸ்னாப்பையும் நுழைத்து, எச்சில் தொட்டு ஈரமாக்கி இறுக்க வேண்டும். ஈரமில்லாமல் இழுத்தால் உராய்வுச் சூட்டில் நைலான் பலவீனமாகும். 50 செ.மீ. லீடர்கள் (முதன்மை நரம்புக்கும் லூருக்கும் நடுவே வரும் துண்டு நரம்புகள்) பத்துக்கு இப்படி ஸ்னாப் கட்டி, மறுமுனையில் ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்) வைத்து, நுரைக் குழாயில் சுற்றி எடுத்துப் போகலாம். முதன்மை நரம்பின் நுனியில் பெரிய ஸ்னாப் ஒன்று இருந்தால் லீடர் அறுந்தாலும் கோர்த்துவிடலாம், கட்ட வேண்டியதில்லை.

ஸ்னாப்பில் கவனிக்க வேண்டியது மூடியதா என்பது. கண்ணை நம்பாமல் நகத்தால் கம்பியின் ஓரத்தைத் தடவுங்கள்: கொக்கிக்குள் உட்கார்ந்திருந்தால் நகம் வழுக்கிப் போகும், வெளியே நின்றால் தட்டும். பலமுறை திறந்து மூடிய கம்பி உலோகச் சோர்வால் இளகும். அழுத்தி விட்டதும் துள்ளித் திரும்பாத ஸ்னாப்பைத் தூக்கிப் போட வேண்டும், பெரிய மீன் அதைத்தான் திறக்கும். நீந்தும் லூர்களுக்கு ஸ்னாப் தடை இல்லை, வளைந்த மூக்குள்ள ஸ்னாப்பில் அவை இன்னும் தாராளமாக அசையும். சிறிய ஜிக்குக்கு மட்டும் அந்த எடையும் பருமனும் ஒத்துவராது. அதை நேரடியாகத்தான் கட்ட வேண்டும்.

கண் மங்கியவர்கள் இன்னொரு தவறும் செய்வதுண்டு. ஸ்னாப் ராடின் (தூண்டில் கழியின்) நுனி வளையத்தை நெருங்குவது தெரியாமல் ரீலைச் சுற்றிவிடுவார்கள். உலோகம் மோதி வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் விரிசல் விட்டால் அந்த விரிசல் நரம்பை அறுத்துக்கொண்டே இருக்கும். ஸ்னாப்பிலிருந்து ராடின் பாதி நீளம் தள்ளி, நரம்பின் மேல் மெல்லிய தையல் நூலால் ஒரு சிறு முடிச்சுப் போட்டு வையுங்கள். அது வளையங்களில் உரசும்போது ராடைப் பிடித்த கைக்கு மெல்லிய அதிர்வு வரும், அந்த இடத்தில் சுற்றுவதை நிறுத்திவிடலாம்.