புகையையும் எரிக்க வேண்டிய அடுப்பு

நார்வேயில் எங்கள் வீட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்ய முதல் தடவை ஆள் வந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நகராட்சித் தீயணைப்புத் துறையிலிருந்து வருகிறவர். நார்வே மொழியில் அவரை ‘ஃபெய்யர்’ என்பார்கள். வேகமாகச் சொன்னால் ஆங்கிலத்தில் நெருப்பைச் சொல்வதுபோலவே காதில் விழும். கூரைமேல் ஏறி, இரும்புக் குண்டு கட்டிய தூரிகையைக் குழாய்க்குள் இறக்கி நாலைந்து தடவை இழுத்தார். அப்புறம் நிலவறைக்கு வந்து, புகைபோக்கியின் அடியில் இருக்கும் சின்ன இரும்புக் கதவைத் திறந்தார். வெறும் கரித்தூள் கொட்டும் என்றுதான் நினைத்தேன். கூடவே, முற்றிப்போன வெல்லப்பாகு உடைந்ததுபோலக் கறுப்பாக, பளபளவென்று சில்லுகளும் விழுந்தன. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எடையே தெரியவில்லை. “இது விறகுதான். நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, எரியாமல் மேலே போயிருக்கிறது” என்றார்.

தப்பு முழுக்க என்னுடையது. இலையுதிர் காலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று அரைகுறையாகக் காய்ந்த விறகை வாங்கி அடுக்கியிருந்தேன். அது போதாதென்று, இரவு படுக்கப் போகும்போது அடுப்பை நிறைய அடைத்து, காற்று வரும் வழியை அநேகமாக முழுதாக மூடிவிடுவேன். விடியும்வரை வெப்பம் தங்கட்டும் என்ற சிக்கனம்!

ஆச்சியின் மண்ணடுப்பைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே தீயைக் குறைக்க வேண்டுமென்றால் கட்டையை வெளியே இழுக்க வேண்டும். இன்னும் குறைக்க, கொள்ளியில் ஒரு கை தண்ணீர் தெளிக்க வேண்டும். கூட்ட வேண்டுமென்றால் உள்ளே தள்ளி ஊதுகுழலால் இரண்டு ஊது. காற்றுக்குக் கதவு கிடையாது, எல்லாப் பக்கமிருந்தும் வரும். புகை ஓட்டு இடுக்கு வழியாகவும் ஆச்சியின் கண் வழியாகவும் போகும். இங்கே இருப்பது வார்ப்பிரும்புப் பெட்டி. விறகு மொத்தமும் உள்ளே, கதவு மூடியிருக்கும். எங்கள் தெருவில் முப்பது வருடமாக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர் முதல் நாளே சொன்னார்: “தம்பி, உது எங்கட ஊர் அடுப்பில்லை. விறகை இழுத்துக் குறைக்கேலாது, காத்தைத்தான் கூட்டிக் குறைக்கோணும்.” கேட்டுக்கொண்டேன். காற்றைக் குறைத்தால் உள்ளே என்ன நடக்கும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

விறகு எரிகிறது என்று சொல்கிறோமே, சரியாகப் பார்த்தால் கட்டை நேரடியாக எரிவதில்லை. முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. வெப்பம் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் மரம் சிதையத் தொடங்கி வாயுக்களாக வெளியேறுகிறது. உலர்ந்த விறகின் எடையில் முக்கால் பங்கு, சில மரங்களில் அதற்கும் மேலே, இப்படி வாயுவாகத்தான் போகும். நாம் பார்க்கும் மஞ்சள் சுடர் அந்த வாயு எரிவது. மிச்சம் இருப்பது கரி. அது சுடரில்லாமல் கனன்று எரியும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் புகை எழும். அந்தப் புகையில், திரிக்கு ஒரு விரலளவு மேலே, எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் புகை வழியாகவே கீழே தாவி திரியைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புகை எரியாத மெழுகு. அடுப்பில் வரும் புகையும் அப்படித்தான், எரியாத விறகு.

அது எரிய வேண்டுமென்றால் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும், காற்று வேண்டும், இரண்டும் கலக்கக் கொஞ்சம் நேரமும் வேண்டும். இரவில் நான் காற்றை மூடியபோது சுடர் அணைந்தது. ஆனால் பெட்டி சூடாகத்தான் இருந்தது. அந்தச் சூட்டில் விறகு வாயுவை விட்டுக்கொண்டே இருந்தது. எரிவது மட்டும்தான் நின்றது, புகைவது நிற்கவில்லை. அந்தப் புகை மேலே போய், குளிர்ந்த புகைபோக்கிச் சுவரில் பட்டு, நீராவியோடு சேர்ந்து தாராகப் படிந்தது. இதற்குக் கிரியோசோட் என்று பெயர். புகைபோக்கிக்குள் வெப்பம் 120 டிகிரிக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் படியாமல் வெளியே போய்விடும். அதற்குக் கீழே இறங்கினால் முதலில் கரித்தூள், பிறகு பொருக்கு, கடைசியில் கண்ணாடிபோல் இறுகிய பூச்சு. கடைசி வகையைத் தூரிகையால்கூடச் சுரண்ட முடியாது. என் கையில் வைத்த சில்லு அந்த நிலைக்குப் போகும் வழியில் இருந்ததாம்.

இன்றைய அடுப்புகள் புகையை உள்ளேயே எரிக்கப் பார்க்கின்றன. உட்சுவரில் வெப்பத்தைத் தேக்கும் கற்பலகைகள் இருக்கும். கீழிருந்து ஒரு காற்று வரும். இன்னொரு காற்று பின்சுவர் வழியே சூடாகி ஏறி, மேலே வரிசையாக உள்ள துளைகள் வழியாக இறங்கும். அடுப்பு நன்றாகச் சூடேறியதும் பார்க்க வேண்டும்: விறகுக்கும் சுடருக்கும் தொடர்பே இல்லாததுபோல, அந்தத் துளைகளிலிருந்து கேஸ் அடுப்புச் சுடர் மாதிரி நாக்குகள் தலைகீழாகத் தொங்கும். எரிவது புகை. நார்வேயில் 1998-இலிருந்து விற்கும் அடுப்புகள் புகைத்துகள் அளவுக்கான சோதனையில் தேற வேண்டும். பெர்கன் நகரம் 2021 ஜனவரியிலிருந்து பழைய வகை அடுப்புகளை எரிக்கவே கூடாது என்று தடை போட்டுவிட்டது. ஆனாலும் எவ்வளவு நல்ல அடுப்பாக இருந்தாலும், நான் செய்ததுபோல் கழுத்தை நெரித்தால் அது பழைய அடுப்புதான். கதவுக் கண்ணாடி கறுத்தால் உள்ளே சூடு போதவில்லை என்று அர்த்தம். அதை மருத்துவ அறிக்கைபோல் படித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஈரம். பச்சை விறகில் எடையில் பாதி தண்ணீர் இருக்கலாம். 10 கிலோ அப்படிப்பட்ட விறகை அடுப்பில் வைப்பதும், 5 கிலோ உலர்ந்த விறகை வைத்து மேலே 5 லிட்டர் தண்ணீரை ஊற்றுவதும் ஒன்றுதான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே விறகின் ஆற்றலில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் நீர் ஆவியாகும் நேரமெல்லாம் நெருப்பு 600 டிகிரியை எட்டாமல் தவிக்கும். புகை எரியாது, தார் சேரும். அதனால்தான் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள். அளக்கச் சின்னக் கருவி கிடைக்கிறது. கட்டையின் முனையில் குத்திப் பார்த்தால் அது பொய் சொல்லும், முனை சீக்கிரம் காய்ந்துவிடும். கட்டையைப் பிளந்து புதிதாகத் தெரியும் முகத்தில் குத்த வேண்டும். கருவி இல்லாதவர்கள் இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்ப்பார்கள். காய்ந்தது ‘டங்’ என்னும், ஈரமானது ‘பொத்’ என்னும். பிர்ச் மரத்துக்கு இன்னொரு வித்தை உண்டு. கட்டையின் ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சோப்பைத் தடவி, மறுமுனையில் வாய் வைத்து ஊதுவது. மரத்தின் நுண்குழாய்களில் தண்ணீர் இல்லையென்றால் மறுபக்கம் நுரை கிளம்பும். நான் வாங்கிய விறகில் முகம் சிவக்க ஊதினேன், ஒரு குமிழிகூட வரவில்லை.

விறகு இங்கே கிட்டத்தட்ட ஒரு சமயம். 2013 பிப்ரவரியில் நார்வே அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றி மட்டும் 12 மணி நேரம் தொடர்ந்து நிகழ்ச்சி நடத்தியது. அதில் பெரும்பகுதி ஒரு கணப்பில் நெருப்பு எரிவதை நேரலையில் காட்டியதுதான். வந்த புகார்களில் பாதி, மரப்பட்டை மேலே இருக்கும்படி அடுக்கிவிட்டார்கள் என்று. மறுபாதி, பட்டை கீழே இருக்கிறது என்று.

சரி, புகைபோக்கிக்கு வருவோம். அதை வெறும் குழாய் என்று நினைப்போம். உண்மையில் அடுப்புக்கு எஞ்சின் அதுதான். உள்ளே சூடான காற்று லேசாக இருக்கும், வெளியே குளிர்ந்த காற்று கனமாக இருக்கும். அந்த எடை வித்தியாசம் புகையை மேலே தள்ளுகிறது. எவ்வளவு வலுவாக? வெளியே 0 டிகிரி, புகை 200 டிகிரி, புகைபோக்கி உயரம் 5 மீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 27 பாஸ்கல் அழுத்தம் வரும். ஒரு தட்டில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தண்ணீர் நின்றால் தட்டின்மேல் விழும் அழுத்தம்தான் அது. நம் உயிர் இந்த மெல்லிய இழுப்பில்தான் இருக்கிறது. குளிருக்காக இடுக்கெல்லாம் அடைத்துக் கட்டிய புது வீட்டில், சமையலறை எக்ஸாஸ்டை முழு வேகத்தில் போட்டால் அதுவும் வீட்டுக்குள் சில பாஸ்கல் இழுப்பை உண்டாக்கும். பற்றவைக்கும் நேரத்தில், புகைபோக்கி இன்னும் சூடாகாதபோது, எக்ஸாஸ்ட் ஜெயித்துவிடும், புகை ஹாலுக்கு வரும். அதனால் நெருப்பு மூட்டும்போது எக்ஸாஸ்டை நிறுத்திவிட்டு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைப்பது வழக்கம். புது அடுப்புகளில் வெளிக்காற்றை நேராக அடுப்புக்குக் கொண்டுவரும் தனிக் குழாயே போடலாம்.

1740-களில் பெஞ்சமின் பிராங்க்ளின் வடிவமைத்த அடுப்பும் இங்கேதான் சறுக்கியது. வெப்பத்தை வீணாக்கக் கூடாது என்று புகையைக் கீழ்நோக்கித் திருப்பி, தரைக்கு அடியில் சுற்றவிட்டு அனுப்பினார். வெப்பத்தை இழந்த புகைக்கு மேலே ஏறத் தெம்பில்லை. பின்னால் வந்தவர்கள் அதை மாற்றி நேராக மேலே விட்டார்கள்.

பற்றவைப்பதிலும் இதே கதைதான். நாம் சுள்ளியைக் கீழே வைத்துப் பெரிய கட்டையை மேலே அடுக்குவோம். இங்கே தலைகீழ்: பெரிய கட்டைகள் அடியில், மேலே சிறாய், உச்சியில் தீ. மேலிருந்து எரிந்து இறங்கும்போது கீழ்க்கட்டையிலிருந்து எழும் வாயு சுடரைக் கடந்துதான் போக வேண்டும், போகும்போதே எரிந்துவிடும். புகைபோக்கியும் முதல் நிமிடத்திலேயே சூடாகிறது. அதன்பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போடுவதுதான் முறை. மணிக்கு 2 கிலோ உலர்ந்த விறகு போட்டால் சுமார் 6 கிலோவாட் வெப்பம், ஒரு ஹாலுக்கு அது தாராளம்.

அடுப்பை எங்கே வைப்பது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு அடுப்போடும் பின்சுவருக்கு எவ்வளவு, பக்கச்சுவருக்கு எவ்வளவு, சோபாவுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று எழுதி வரும். கதவுக்கு முன்னால் தரையில் எரியாத தகடோ கண்ணாடியோ குறைந்தது 30 சென்டிமீட்டர் நீள வேண்டும், தெறிக்கும் கங்குக்காக. “கை வைத்தால் சூடு தெரியத்தானே செய்யும், மரச்சுவர் இத்தனை வருடமாக ஒன்றும் ஆகவில்லையே” என்று சிலர் சொல்வார்கள். வருடக்கணக்கில் வெந்த மரம் மெல்லக் கரியாகிக்கொண்டே வரும். புது மரம் தாங்கும் சூட்டில் அது பற்றிக்கொள்ளலாம். அதனால் ‘இதுவரை ஒன்றும் ஆகவில்லை’ என்பது இங்கே சாட்சி ஆகாது. நார்வேயில் அடுப்பை நாமே பொருத்தலாம், ஆனால் தகுதியுள்ள ஒருவர் சரிபார்க்க வேண்டும், நகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். பெயின்ட் அடித்த மரம், ஒட்டுப்பலகை, பிளாஸ்டிக், பால் அட்டை எதுவும் உள்ளே போகக் கூடாது. கடற்கரையில் ஒதுங்கும் கட்டையும் கூடாது, அதிலுள்ள உப்பு இரும்பை அரிக்கும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது புகை இல்லை. புகை அடங்கி, செக்கச்செவேலென்று கங்கு மட்டும் இருக்கும் நேரம். பார்க்க எவ்வளவு அமைதி! கரி போதுமான காற்றில்லாமல் கனலும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். தூக்கத்தை யாரும் சந்தேகப்படுவதில்லை. மலைவாசஸ்தலங்களில் சட்டியில் கரியைப் போட்டு அறைக்குள் குளிர் காய்ந்துவிட்டுத் தூங்கப்போனவர்களைப் பற்றிய செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். புகைபோக்கி சூடு இறங்கி இழுப்பு குறைவதும், கங்கு மட்டும் மிஞ்சுவதும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். அந்த நேரத்தில் காற்று வழியையோ புகைபோக்கித் தகட்டையோ மூடுவது, எஞ்சியிருக்கும் ஒரே வாசலைச் சாத்துவது மாதிரி. புகை அலாரம் இந்த வாயுவைக் கண்டுகொள்ளாது, இதற்கென்று தனி அலாரம் உண்டு. எங்கள் படுக்கையறை வாசலில் இப்போது ஒன்று தொங்குகிறது.

படிந்த தார் என்றாவது பற்றிக்கொண்டால் அது புகைபோக்கித் தீ. உள்ளே 1,000 டிகிரியைத் தாண்டும். தண்டவாளத்தின் பக்கத்தில் நிற்பதுபோல் இரைச்சல் கேட்கும் என்பார்கள். கதவையும் எல்லாக் காற்று வழிகளையும் இறுக மூட வேண்டும். காற்றை மூடச் சொல்லும் ஒரே சந்தர்ப்பம் இதுதான். பிறகு எல்லோரும் வெளியேறி, இங்கே என்றால் 110-ஐ அழைக்க வேண்டும். தண்ணீரை ஊற்றவே கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும், கொதிக்கும் கல்சுவர் வெடிக்கும்.

கடைசியில் சாம்பல். அதை வாரும்போது நம் மொழியில் ‘நீறு பூத்த நெருப்பு’ என்று சொல்லிவைத்தவரை நினைத்துக்கொள்வேன். சாம்பல் அருமையான போர்வை: வெப்பத்தை வெளியே விடாது, காற்றை உள்ளே விடாது, கங்கு ஓரிரு நாள்கூட உயிரோடு கிடக்கும். அதனால் மூடியுள்ள இரும்பு வாளியில்தான் அள்ள வேண்டும், மரத் திண்ணையில் வைக்காமல் வெளியே தள்ளி வைக்க வேண்டும். சென்ற ஜனவரியில், முந்தைய நாள் எரிந்து அணைந்து, தொட்டால் சில்லென்று இருந்த சாம்பலை அள்ளி வாளியை முற்றத்துப் பனியின்மேல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் வாளி ஒரு சாண் ஆழத்துக்குப் பனிக்குள் இறங்கியிருந்தது. தூக்கினேன். அடியில் வட்டமாக, ஈரமாக, போன கோடைப் புல் தெரிந்தது.