கலக்காமல் சாப்பிடுங்கோ

முதலில் என் கைப்பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன பங்குனியில் சந்தையில் பனங்கட்டிக் குட்டான் பத்து வாங்கி, உடைத்துப் போட்டு, தண்ணீர் விட்டுப் பாணி காய்ச்சினேன். மணம் படலை வரைக்கும் போனது. வடித்துப் போத்தலில் ஊற்றி, அடுத்த கிழமை வரப்போகும் மச்சாள் குடும்பத்துக்கென்று அலுமாரிக்குள் வைத்தேன். அவர்கள் வந்த அன்று போத்தலைக் கவிழ்த்தால் ஒன்றும் வரவில்லை. அரைப் போத்தலுக்குக் கற்கண்டு மாதிரிப் பரல் பரலாக இறுகிக் கிடந்தது.

மாமி எட்டிப் பார்த்துவிட்டு, “பாணி பூத்துப்போச்சு. தேசிக்காய்ப் புளி விடேல்லையே?” என்றார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஆள் வந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்கும் இனிப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: மண்சட்டித் தயிரும் பனம்பாணியும். பட்டிக்காரரிடம் எருமைப்பால், சந்தையில் பனங்கட்டி. செலவும் குறைவு, வேலையும் குறைவு. ஆனால் அதே தயிரும் அதே பாணியும் ஒரு வீட்டில் விருந்தாகவும் இன்னொரு வீட்டில் ஏனோதானோ என்றும் இருக்கும். வித்தியாசம் எங்கே என்று பார்க்கப் போனால், கொஞ்சம் இரசாயனம், கொஞ்சம் பௌதிகம், கொஞ்சம் மனிதப் புத்தியின் விசித்திரம் எல்லாம் அந்தச் சட்டிக்குள் கிடக்கின்றன.

பாணியிலேயே தொடங்குவோம். பனம்பாளையைச் சீவி முட்டி கட்டும்போது முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் மதுவங்கள் சீனியைத் தின்று விடியுமுன் கள்ளாக்கிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். சுண்ணாம்புக்கு இரண்டாவது வேலை ஒன்றும் உண்டு. இப்படிச் சுண்ணாம்பு முட்டியில் இறங்கும் கருப்பநீரில் இருக்கும் சீனி பெரும்பாலும் சுக்குரோசு. குளுக்கோசு ஒன்றும் பிரக்டோசு ஒன்றும் கைகோத்து நிற்கும் மூலக்கூறு அது. புளிப்பு இருந்தால், அதுவும் சூட்டோடு சேர்ந்திருந்தால், அந்தக் கைகள் விடுபட்டுப்போகும். சுண்ணாம்பு புளிப்பை அடக்கி வைப்பதால் சுக்குரோசு முழுதாக நிற்கிறது. முழுதாக நிற்பதால்தான், காய்ச்சி ஓலைக் குட்டானில் வார்த்ததும் அது ஒழுங்காக அடுக்கி இறுகிக் கட்டியாகிறது. சீனி உடைந்துபோன கருப்பநீரைக் காய்ச்சினால் பசைதான் மிஞ்சும்.

பனையில் நமக்கு நன்மை செய்த அதே குணம் அடுக்களையில் எனக்கு எதிராகத் திரும்பிவிட்டது. பாணி 105 பாகை செல்சியசில் கொதிக்கும்போது அதில் ஏறத்தாழ 70 வீதம் சீனி. நம்முடைய 30 பாகை அறைச்சூட்டில் தண்ணீர் தாங்கக்கூடியது 69 வீதத்துக்குள்தான். நானோ கையில் தொட்டுப் பார்த்து, கம்பிப் பதம் வரட்டும் என்று அதற்கும் மேலே காய்ச்சியிருந்தேன். ஆறியதும் மேலதிகச் சீனி வெளியே வர வழி தேடியது. போத்தலின் கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு சின்னப் பரல் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மற்றவை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கிவிடும்.

மாமியின் தேசிக்காய் செய்வது சுண்ணாம்பு செய்ததற்கு நேர்மாறு. கொதிக்கும் பாணியில் ஒரு தேக்கரண்டி புளி விட்டால் சுக்குரோசில் ஒரு பங்கு உடைந்து குளுக்கோசும் பிரக்டோசும் ஆகும். மூன்று வடிவ மூலக்கூறுகள் ஒரே கூட்டத்தில் நின்றால் எதுவும் ஒழுங்காக அடுக்க முடியாது. செங்கல்லோடு உருண்டைக் கல்லையும் கலந்து சுவர் கட்டுவது போல. பாணி பாணியாகவே இருக்கும். காட்டுத்தேன் பெரும்பாலும் ஓடக்கூடியதாக இருப்பதும் இதே காரணத்தால். தேனீ புளி விடுவதில்லை, தன் தலையிலுள்ள சுரப்பிகள் சுரக்கும் நொதியத்தால் அந்த உடைப்பைச் செய்துவிடுகிறது. பூத்துப்போன என் போத்தலைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் இறக்கி வைத்தோம். அரை மணித்தியாலத்தில் இளகிவிட்டது. மானம் தப்பியது.

இனித் தயிர். பசுப்பாலில் கொழுப்பு 4 வீதம் அளவில் இருக்கும், எருமைப்பாலில் 7, 8 வீதம். புரதமும் கூட. அதனால் சட்டியைச் சரித்தாலும் அசையாத தயிர் கிடைக்கிறது. ஆனாலும் பாலைக் காய்ச்சும் விதத்தில்தான் பாதி விளையாட்டு. ஒரு கொதி வந்ததும் இறக்கினால் கிருமி சாகும், தயிர் மட்டும் இளகலாகத் தோயும். கொதி வந்தபின் நெருப்பைத் தணித்து, அகப்பையால் துழாவிக்கொண்டு இன்னுமொரு கால் மணித்தியாலம் வைத்திருந்தால் கதை வேறு. பாலில் இரண்டு வகைப் புரதம் இருக்கிறது. கேசீன் என்பது சிறு உருண்டைகளாக மிதப்பது. தயிரின் சுவரைக் கட்டுவது அதுதான். மற்றது ஊற்றுத் தண்ணியோடு போய்விடும் மோர்ப்புரதம். 70 பாகைக்கு மேலே இந்த இரண்டாவது வகை முறுக்கவிழ்ந்து கேசீன் உருண்டைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு உறை விட்டால் சுவர் தடிப்பாக எழும்பும், தண்ணீரையும் விடாமல் பிடிக்கும்.

உறைமோரிலுள்ள பற்றீரியா பாற்சீனியைத் தின்று இலற்றிக்கமிலம் ஆக்குகிறது. புளிப்பு ஏற ஏற, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த கேசீன் உருண்டைகள் அந்தத் தள்ளலை இழந்து ஒட்டத் தொடங்குகின்றன. இது நடக்கும்போது சட்டியை ஆட்டக்கூடாது. ஆட்டினால் கட்டிக்கொண்டிருக்கும் சுவர் பிளந்து தண்ணீர் கசியும். “தோயிற சட்டியிலை கை வைக்காதை” என்று பிள்ளைகளைத் துரத்துவதற்கு நல்ல காரணம் இருக்கிறது.

மண்சட்டி அழகுக்கு மட்டும் என்று நினைத்தால் தவறு. சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. தயிரிலுள்ள தண்ணீரில் கொஞ்சத்தைச் சட்டி உறிஞ்சிக்கொள்ளும். தயிர் இன்னும் இறுகும். உறிஞ்சிய தண்ணீர் வெளிப்பக்கம் வந்து ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 யூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சட்டியிலிருந்தும் தயிரிலிருந்தும்தான் எடுத்துக்கொள்ளும். ஆடி ஆவணியில் சோளகம் அள்ளி வீசும்போது, ஈரத்துணி சுற்றி விறாந்தை ஓரத்தில் வைத்த சட்டி வெளிச்சூட்டை விடப் பல பாகை குளிர்ந்து நிற்கும். காற்று காய்ந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

அப்படியென்றால் பிரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று மச்சாள் கேட்டாள். நல்லதில்லை, அல்லது முழுக்க நல்லதில்லை. இனிப்பை உணரும் நாக்குக் கலங்களில் TRPM5 என்று ஆய்வாளர் பெயரிட்ட ஒரு அயன் வாசல், அதாவது மின்னேற்றத் துணிக்கைகள் புகும் வழி, உண்டு. அது குளிரில் மந்தமாகவும் சூடு ஏற ஏறச் சுறுசுறுப்பாகவும் திறக்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழுவினர் 2005ல் காட்டினார்கள். 15 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையில் வித்தியாசம் மிகப் பெரிது. உருகிய ஐஸ்கிறீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பல்லைக் கூச வைக்கும் இனிப்பு. குளிராக இருந்தபோது அதே இனிப்பு நாக்குக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். தயிரின் கொழுப்புக்கும் இதே கதை. 4 பாகையில் இறுகிக் கிடக்கும் கொழுப்பு மெழுகு மாதிரி. கொஞ்சம் சூடு ஏறினால்தான் வாய்க்குள் போனதும் உருகி வழுவழுக்கும். ஆகையால் பிரிட்ஜில் வைத்தாலும், சாப்பாடு பரிமாறத் தொடங்கும்போதே சட்டியை வெளியே எடுத்துவிட வேண்டும்.

பாணியை மட்டும் வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். பனங்கட்டியின் மணம் சீனியின் மணமல்ல. கருப்பநீர் காய்ந்து சுண்டும்போது அதிலுள்ள அமினோவமிலங்களும் சீனிகளும் சேர்ந்து பிறப்பிக்கும் நூற்றுக்கணக்கான ஆவிப்பொருள்களின் மணம். பிரெஞ்சு வைத்தியர் லூயி கமில் மயார் 1912ல் விவரித்த இரசாயனத் தாக்கம் இது. பாண் தோலும் வறுத்த கோப்பியும் மணப்பது இதனால்தான். அந்த ஆவிகள் சூட்டில்தான் எழும்பும். குளிர்ந்த பாணியில் அவை அடங்கிக் கிடக்கும். மெல்லும்போது தொண்டையின் பின்வழியால் மூக்குக்குப் போகும் மணத்தைத்தான் நாம் “ருசி” என்று நாக்கின் கணக்கில் எழுதுகிறோம். தடிமன் பிடித்த அன்று பாணி வெறும் சீனித்தண்ணியாகத் தெரிவதைக் கவனித்துப் பாருங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். “கலக்கிப் போடாதை. மேலாலை விட்டுட்டு அப்பிடியே கரண்டியாலை வெட்டி எடு.” மாமியின் இந்தக் கட்டளையை முதலில் அழகுக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். வெள்ளைத் தயிரில் கறுத்தப் பாணி வழிவது பார்க்க வடிவுதான். அதைவிட ஆழமான விஷயம் இருக்கிறது.

நம் புலன்கள் அளவைவிட மாற்றத்தைக் கவனிப்பவை. மின்விசிறிச் சத்தம் ஐந்து நிமிடத்தில் மறந்துபோகும், நின்றால்தான் திடுக்கிடுவோம். இனிப்பும் அப்படியே. ஒரே அளவு இனிப்பு தொடர்ந்து நாக்கில் பட்டால் நாக்கு பழகி மரத்துவிடும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010ல் இதைச் சோதித்தார்கள். ஒரு ஜெலியில் சீனி எல்லா இடமும் சமம். மற்றதில் அதே மொத்தச் சீனி சில அடுக்குகளில் மட்டும் செறிந்திருந்தது. சாப்பிட்டவர்களுக்கு அடுக்கு ஜெலிதான் கூட இனித்தது. ஐந்திலொரு பங்கு சீனியைக் குறைத்தும் இனிப்புக் குறையாமல் செய்ய முடிந்தது.

கரண்டியால் வெட்டி எடுத்த தயிரில் நடப்பதும் இதுதான். முதலில் பாணியின் சூடும் அடர்த்தியும், உடனே குளிர்ந்த புளிப்பு, பிறகு கொழுப்பு உருகிப் புளிப்பை மெழுகிவிட, அடுத்த கரண்டிப் பாணிக்கு நாக்கு புதுசாக நிற்கும். கலக்கிவிட்டால் எல்லாக் கரண்டியும் ஒரே கரண்டி. நீரிழிவு இல்லாத வீடு எங்கள் ஒழுங்கையில் குறைவு. கலக்காமல் விட்டால் பாணியைக் குறைவாக விடலாம் என்பது சின்ன நன்மையல்ல. (மச்சாளின் மகன் மட்டும் எல்லாவற்றையும் அடித்துக் கலக்கி, குளத்துச் சேறு மாதிரி ஆக்கி, அதையும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். விஞ்ஞானத்துக்கு அடங்காத ஆட்களும் இருக்கிறார்கள்.)

உப்பு விஷயம் சுருக்கமாக. பாணி இறக்கும்போது இரண்டு விரலால் கிள்ளி ஆனையிறவு உப்புப் போட்டுப் பாருங்கள். பனங்கட்டியின் அடியில் ஒரு மெல்லிய கைப்பு உண்டு. சோடியம் கைப்பை அமுக்கும்; அமுங்கிய கைப்பின் கீழிருந்து இனிப்பு மேலே வரும். பிலடெல்பியாவில் பிரெஸ்லினும் போஷாம்பும் 1997ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். உப்பு நாக்குக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கூடிப்போச்சு.

மேலே தூவ மரமுந்திரிகைப் பருப்புத்தான் வேண்டுமென்றில்லை. கச்சான் போதும். மணலில் வறுத்து, தோல் ஊதி, ஒன்றிரண்டாக உடைத்தது. நெய்யில் பொரித்த தேங்காய்ச் சொட்டு இன்னும் மேல். வாய்க்குள் நொறுங்கும் சத்தமும் ருசியின் ஒரு பகுதி. 2004ல் ஒக்ஸ்போர்ட்டில் ஸம்பினியும் ஸ்பென்ஸும் உருளைக்கிழங்குச் சீவல் கடிப்பவர்களின் காதில் அவர்களுடைய கடிச்சத்தத்தையே கூட்டிக் குறைத்துக் கேட்கவைத்தார்கள். சத்தம் கூடியபோது சீவல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். சிரிப்பூட்டும் ஆய்வுகளுக்குக் கொடுக்கும் இக்நொபெல் பரிசு இதற்கு 2008ல் கிடைத்தது. கச்சானைக் கடைசியில் தூவ வேண்டும், முந்தியே போட்டால் தயிரின் தண்ணீரை உறிஞ்சி நமத்துவிடும்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2013ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு. சொக்கலேற் சாப்பிடுமுன் சிலரிடம் ஒரு சின்னச் சடங்கு செய்யச் சொன்னார்கள்: தாளைப் பிரிக்காமல் பாதியாக உடை, ஒரு பாதியைப் பிரித்துச் சாப்பிடு, பிறகு மற்றப் பாதி. அவர்கள் சும்மா சாப்பிட்டவர்களைவிட அதிக நேரம் ருசித்தார்கள், அதிக விலையும் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இன்னொருவர் சடங்கு செய்வதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. சொந்தக் கை பட்டால்தான் வேலை செய்கிறது.

அதைப் படித்தபின் வீட்டில் ஒரு மாற்றம் செய்தோம். பாணி கொஞ்சமாகத்தான் ஊற்றுவது. ஒவ்வொருவர் கோப்பைக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் குட்டான். ஓலை முடிச்சை அவரவரே அவிழ்த்து, கரண்டி விளிம்பால் பனங்கட்டியைச் சுரண்டித் தயிருக்கு மேலே போட வேண்டும். முடிச்சு இலேசில் அவிழாது. நகத்தால் கிளறி, பல்லால் கடித்து, பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்டு, அதற்குள் ஓலை மணமும் பனங்கட்டி மணமும் மூக்குக்கு வந்துவிடும். சுரண்டிய துருவல் பாதி கரைந்து, பாதி கரையாமல் பல்லில் நறநறக்கும். முந்தி பூத்த பாணியைப் பார்த்து வெட்கப்பட்ட நான், இப்போது அந்த நறநறப்பைக் காசு கொடுத்து வாங்குகிறேன்.

கார்த்திகை பிறந்து மாரி பிடித்தால் ஈரத்துணி வேலைக்காகாது. காற்றே நனைந்திருக்கும்போது சட்டித் தண்ணீர் எங்கே ஆவியாவது? பாலும் தோய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். உறைமோரை இரட்டிப்பாக்கி, சட்டியைச் சாக்கால் சுற்றி, இரவு முழுக்க அடுப்படிச் சாம்பல் சூட்டில் வைத்துவிடுவோம். அந்த மாதங்களில் பாணியை இன்னும் கொஞ்சம் சூடாக ஊற்றுவது வழக்கம்.