பங்குக் கார் அல்ல, கைபடாக் கார்

‘திறந்த சக்கர ஓட்டுநரான நரேன் கார்த்திகேயன் 2010இல் பங்குக் கார் பந்தயத்துக்கு மாறினார்.’ போன வாரம் ஒரு விளையாட்டுத் தொகுப்பில் இந்த வரியைப் படித்தேன். இந்தப் ‘பங்குக் கார்’ என் கண்ணில் படுவது முதல் முறையல்ல. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று. கோவையிலிருந்து கிளம்பி ஃபார்முலா ஒன் வரை போன ஒருவரின் வாழ்க்கையில் முக்கியமான திருப்பத்தைச் சொல்லும் வரி அது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? நாலு பேர் பங்கு போட்டு வாங்கிய காரா? பங்குச் சந்தையோடு சம்பந்தப்பட்ட பந்தயமா? ‘கார்’ தவிர அத்தனையும் தமிழ்ச் சொற்கள்தாம். ஆனால் ஒரு பொருளும் தேறவில்லை.

ஆங்கிலத்தில் அது ஸ்டாக் கார். ‘ஸ்டாக்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் அடிமரம், மரக்கட்டை. அதிலிருந்து கிளைத்து முதலீடு, கையிருப்பு, பங்கு, கால்நடை என்று பல பொருள்கள் ஏறிவிட்டன. நமக்கும் இது புதிதில்லை. மரத்தின் அடியையும் ‘முதல்’ என்கிறோம், வியாபாரத்தில் போடும் பணத்தையும் ‘முதல்’ என்கிறோம். ஸ்டாக் காரில் வருவது ‘பங்கு’க் கிளை அல்ல. விற்பனைக்கென்று கடையில் நிற்கும் சரக்கு, அதாவது தொழிற்சாலை அனுப்பியபடியே இருக்கும் பொருள் என்ற கிளை. சொல்லின் வரலாறு இவ்வளவுதான்.

பொருள் எவ்வளவு கறாரானது என்பதற்கு, அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் தொடக்ககாலத் தீர்ப்பு ஒன்றே சாட்சி. பில் பிரான்ஸ் 1948இல் தொடங்கிய அமைப்பு அது. 1949 ஜூன் 19 அன்று வட கரோலினாவின் சார்லட்டில், ‘முழுக்க முழுக்க ஸ்டாக்’ என்று பெயர் வைத்தே ஒரு தொடரின் முதல் பந்தயத்தை நடத்தினார்கள். முதலில் வந்தவர் ஃபோர்டு ஓட்டிய கிளென் டன்னவே. பந்தயம் முடிந்து வண்டியைச் சோதித்தபோது பின்பக்க ஸ்பிரிங்கை மாற்றி இறுக்கியிருந்தது தெரிந்தது. கள்ளச்சாராயம் கடத்துகிறவர்கள் பாரம் ஏற்றினாலும் வண்டி பின்னால் தாழாமல் இருக்கச் செய்யும் வேலை அது. வெற்றி செல்லாது என்று அறிவித்து, லிங்கன் ஓட்டி வந்த ஜிம் ரோப்பருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். கம்பெனி கொடுத்த வண்டியில் கை வைக்கக் கூடாது: ஸ்டாக் என்ற சொல்லுக்கு அன்று இருந்த பொருள் இதுதான். இதில் பங்குக்கு எங்கே இடம்?

‘பங்குக் கார்’ மொழிபெயர்ப்பு இயந்திரம் செய்த பிழை, அதை எளிதில் ஒதுக்கிவிடலாம். எனக்கு அதிக வருத்தம் தருவது ‘இருப்புக் கார்’. அது யோசித்து உண்டாக்கிய சொல். தமிழ்மேல் அக்கறை உள்ளவர்களே அதை எழுதுகிறார்கள். ஸ்டாக் என்றால் கையிருப்பு, ஸ்டாக் ரிஜிஸ்டர் என்றால் இருப்புப் பதிவேடு, ஆகவே ஸ்டாக் கார் என்றால் இருப்புக் கார் என்பது அவர்கள் வாதம். கணக்குப் பிள்ளையின் பேரேட்டுக்கு அந்த வாதம் சரி. பந்தயத் தடத்தில் அது மூன்று இடங்களில் இடறுகிறது.

‘இருப்பு’ அடைமொழியாக முன்னால் வந்தால் தமிழ்க் காது முதலில் இரும்பைத்தான் கேட்கும். இருப்புப்பாதை, இருப்புலக்கை, இருப்புச்சட்டி எல்லாமே இரும்பால் ஆனவை. இருப்புக் கார் என்றால் இரும்புக் கார் என்று ஒருவர் படித்தால் அவர்மேல் குற்றமில்லை. அடுத்ததாக, இருப்பு என்றால் பிறகு வேண்டும் என்று எடுத்து வைத்தது. நாஸ்கார் அணிகளிடம் நிஜமாகவே அப்படி ஒரு கார் உண்டு. பயிற்சி ஓட்டத்தில் வண்டி நொறுங்கினால் மாற்றாகக் கொண்டுவந்த இன்னொன்றை இறக்குவார்கள், ஓட்டுபவர் வரிசையின் கடைசியிலிருந்து கிளம்ப வேண்டும். ‘இருப்புக் கார்’ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும். அதை ஒரு பந்தய வகைக்கே கொடுத்துவிட்டால், ‘இருப்புக் கார் பந்தயத்தில் இருப்புக் காரை இறக்கினார்’ என்றல்லவா நாளை எழுத வேண்டிவரும்? மூன்றாவது குறைதான் பெரியது. அந்தச் சொல் காரைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. கடையில் நின்றது என்கிறது, மாற்றப்படாதது என்று சொல்வதில்லை. டன்னவேயின் ஃபோர்டும் ஒரு காலத்தில் கடையில் நின்ற வண்டிதான்.

சரியான சொல் அகராதியில் இல்லை, பட்டறையில் இருக்கிறது. பழைய பைக் வாங்கப் போய்ப் பாருங்கள். விற்பவர் டேங்கைத் தட்டி, ‘கை படாத இன்ஜின் சார், கம்பெனியில வந்த மாதிரியே இருக்கு’ என்பார். சைலன்ஸரை மாற்றவில்லை, சிலிண்டரில் போர் அடிக்கவில்லை, பிரித்து மாட்டவில்லை என்பதெல்லாம் அந்த ஒரு ‘கை படாத’வில் அடக்கம். ஸ்டாக் என்பதன் பொருள் துளியும் சிந்தாமல் இதில் இருக்கிறது. எனவே கைபடாக் கார். ‘வாடா மலர்’ போன்ற அமைப்புதான், இலக்கணம் தடுக்காது. கார் என்பதை மகிழுந்து, சீருந்து என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பொருள் சரியாக இருந்தால் பின்பாதியை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும்.

இதற்கு ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். இன்றைய நாஸ்கார் கார் எந்தக் கடையிலும் கிடைக்காதே, பந்தயத்துக்கென்றே கட்டிய வண்டியாயிற்றே என்பார்கள். உண்மைதான். உருக்குக் குழாய்களைக் கூண்டாகப் பற்றவைத்து, மேலே கடைக் காரின் சாயலில் உடம்பு மாட்டியது அது. கதவு திறக்காது, ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்க வேண்டும். முகப்பு விளக்கு கூட ஒட்டிய படம்தான். ஆனால் ஆங்கிலமும் அந்தப் பழைய பெயரை மாற்றவில்லையே. நாமே எள்ளின் நெய்யை எண்ணெய் என்று சொல்லத் தொடங்கி, இன்று தேங்காய் எண்ணெய் வரை வந்திருக்கிறோம். பொருள் நகர்ந்த பிறகும் பெயர் பிறந்த கதையைத் தாங்கி நிற்பது மொழியில் இயல்பு.

‘திறந்த சக்கரம்’ இன்னொரு தலைவலி. கதவைத் திறக்கலாம், பெட்டியைத் திறக்கலாம். சக்கரத்தை யார் திறந்தார்கள்? ஃபார்முலா ஒன் வண்டிகள், அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் ஓடும் வண்டிகள் ஆகியவற்றின் சக்கரங்களுக்கு மேல் மட்கார்டு கிடையாது, அவை உடம்புக்கு வெளியே நிற்கின்றன. மூடவில்லை என்பதே செய்தி, ஆகவே மூடாச் சக்கரம். ‘வெளிச்சக்கரம்’ என்பதை நானே ஒரு காலத்தில் விரும்பினேன். ஆனால் நீள்வட்டத் தடத்தில் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருக்கும் காருக்கு வலப்பக்கச் சக்கரங்கள்தான் வெளிச்சக்கரங்கள். குழப்பம் வேண்டாம்.

இந்த இரண்டு சொல்லும் சரியாக விழாவிட்டால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதே வாசகருக்கு எட்டாது. மூடாச் சக்கரங்கள் இரண்டு உரசினால் ஒரு டயர் மற்றதன்மேல் ஏறி வண்டியே பறக்கும். ஆகவே அங்கே வளர்ந்தவர் தொடாமல் ஓட்டப் பழகியவர். கைபடாக் காரில் கதவோடு கதவு தேய்ப்பதும், முன்னால் போகும் வண்டியை மூக்கால் முட்டித் தள்ளுவதும் ஆட்டத்தின் பகுதி. 2006இல் ஃபார்முலா ஒன் கார் ஓட்டுநரோடு சேர்த்து 600 கிலோ அளவில்தான் இருந்தது, நாஸ்கார் வண்டி ஒன்றரை டன்னுக்கு மேல். ஃபார்முலா ஒன்னில் 7 முறை வென்ற ஹுவான் பாப்லோ மொன்டோயா அந்த ஆண்டின் நடுவில் மெக்லாரனை விட்டுக் கிளம்பி இதற்குள் வந்தார். 2007இல் சோனோமா, 2010இல் வாட்கின்ஸ் கிளென் என நாஸ்காரின் முதல்நிலைத் தொடரில் அவர் வென்றது இரண்டே பந்தயங்கள். இரண்டும் வளைந்து நெளிந்த தடங்கள், நீள்வட்டத்தில் ஒன்றுகூட இல்லை. 2007இல் இண்டிகாரின் பெரிய பந்தயமான இண்டி 500ஐயும் இண்டிகார் பட்டத்தையும் வென்ற டாரியோ பிராங்கிட்டி அடுத்த ஆண்டே நாஸ்காருக்கு வந்தார், அங்கே நிலைக்கவில்லை. திரும்பிப் போய் 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று இண்டிகார் பட்டங்களை வாங்கினார். டோனி ஸ்டூவர்ட் மட்டும் இரண்டு பக்கமும் பட்டம் கண்டவர். இதையெல்லாம் ‘பங்குக் காருக்கு மாறினார்’ என்று எழுதினால் அலுவலக இடமாறுதல்போல அல்லவா ஒலிக்கிறது?

மொழிபெயர்ப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவதற்கு முன், அந்தச் சாமானைக் கையாளும் ஆட்கள் அதை என்னவென்று சொல்கிறார்கள் எனக் கேளுங்கள். எந்தச் செய்திக்கும் பொருந்துகிற பொதுப் படம், ஆங்கிலத்தில் ஸ்டாக் போட்டோ, இன்று ‘பங்குப் புகைப்படம்’ ஆகிக்கொண்டிருப்பதும் இதே நோய்தான். நரேன் ஓட்டியதை ‘லாரிப் பந்தயம்’ என்றும் ஓரிடத்தில் படித்தேன். 2010இல் அவர் போனது நாஸ்காரின் டிரக் தொடருக்கு. அந்த டிரக் லாரி அல்ல, பின்னால் தொட்டி வைத்த பிக்கப். நெடுஞ்சாலையில் லாரி ஓட்டுகிறவருக்குக்கூட இந்த வேறுபாடு தெரியும்.

எழுதியவரைப் பழிப்பது என் நோக்கமில்லை. அந்த வரி என் கையில் வந்திருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘மூடாச் சக்கரக் கார்களில் வளர்ந்து ஃபார்முலா ஒன் ஓட்டிய நரேன் கார்த்திகேயன், 2010இல் வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் பிக்கப் வண்டியோடு இறங்கி, அமெரிக்காவின் கைபடாக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.’