வக்கீல் இல்லாமல் குடும்ப நீதிமன்றம் போகிறீர்களா?

கோவையிலோ சேலத்திலோ குடும்ப நீதிமன்ற வராந்தாவில் ஒரு காலை உட்கார்ந்திருந்தால் போதும். ஜவுளிக்கடைப் பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டு, வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று கலங்கி நிற்கிற பெண்களைப் பார்க்கலாம். அவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம்: இங்கே வக்கீல் கட்டாயமில்லை. 1984ஆம் வருடக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி வக்கீல் வைப்பது உரிமையே அல்ல, நீதிபதி அனுமதித்தால்தான். உங்கள் வழக்கை நீங்களே பேசலாம்.

ஆனால் வாய்தாவுக்குப் போகாமல் இருக்கக் கூடாது. நம் பக்கத்தில் பெரியவர்கள், "நாங்க பேசி முடிச்சர்றோம், நீ கோர்ட்டுக்குப் போகாத கண்ணு" என்பார்கள். பேசட்டும், நல்லதுதான். தேதியன்று நீங்கள் போய்விடுங்கள். போகாவிட்டால் எதிர்த்தரப்பு சொல்வதை மட்டும் கேட்டு ஒருதலையாகத் தீர்ப்பு வரலாம். வழக்குப் போட்டவரே வராவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினாலும் வழக்கு நிற்காது.

பதில் மனுவை, எதிர்த்தரப்பு மனுவின் பத்தி எண்ணைப் போட்டே எழுதுங்கள். எது உண்மை, எது பொய் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல வேண்டும். மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. மனக்குமுறல் முழுவதையும் அதில் கொட்டாதீர்கள். எந்தத் தேதியில், எங்கே, என்ன நடந்தது என்பதுதான் நிற்கும்.

ஜீவனாம்சம் கேட்கிறவர்கள் கூடுதலாகத் தயாராக வேண்டும். இதற்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144ஆம் பிரிவு. நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம். கோபியில் வாழ்க்கைப்பட்டு இப்போது பல்லடத்தில் பெற்றோர் வீட்டில் இருப்பவர் கோபிக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு பேருமே வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்பதும் அதே தீர்ப்புதான்.

சிக்கல் எங்கே என்றால், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு ஓடும் வேலைக்கும் தறிக்கூலிக்கும் சம்பளச் சீட்டு பெரும்பாலும் இருக்காது. கணவர், "எனக்கு வருமானமே இல்லை" என்று சொல்லிவிடுவார். அப்போது கைகொடுப்பது வங்கி பாஸ்புக், பிஎஃப் கணக்கு, வண்டி ஆர்சி, தோப்பு அவர் பெயரில் இருந்தால் சிட்டா நகல். உங்கள் பக்கத்துக்கு வாடகை, பள்ளிக் கட்டணம், மருந்து ரசீது, மளிகைக் கணக்கு. சீராகப் போன நகைக்கு பில், கல்யாண ஆல்பம். வாட்ஸ்அப் பேச்சைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் போனையும் அழிக்காமல் வைத்திருங்கள். குடும்ப நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல் ஆவணங்களைப் பார்க்கலாம் என்று குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, மூன்று செட் நகல் எடுங்கள். அசலைப் பத்திரமாக வையுங்கள்.

கவுன்சலிங்குக்கு அனுப்புவார்கள். சேர்த்து வைக்கப் பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை, அதற்காகப் பயந்து எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டு பேரும் சம்மதித்து வாங்கிய உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது. வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று தயங்காமல் கேளுங்கள்.

நீதிபதி முன்னால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். அழுகை வந்தால் வரட்டும், தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள். அடுத்தவர் முன் பேச முடியாத விஷயம் என்றால், தனி அறையில் விசாரிக்கக் கேட்க அதே சட்டத்தின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது.

குறுக்கு விசாரணை மட்டும் தனியாளாகச் சமாளிப்பது கடினம் என்றே நினைக்கிறேன். அந்தக் கட்டத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் தருவார்கள். வேறு சில பிரிவினரைத் தவிர மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.