ஓப்பரான்: இயக்கி அல்ல, இயக்கலகு

பாக்டீரியாவில் ஒரே கட்டுப்பாட்டில் சேர்ந்து இயங்கும் மரபணுக்களின் அலகைக் குறிக்கும் ஓப்பரானைத் தமிழில் 'இயக்கி' என்பது சரியா? ஓப்பரான் பிரெஞ்சில் பிறந்த சொல். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தைச் சேர்ந்த பிரான்சுவா ஜாக்கோப், ழாக் மோனோ ஆகியோர் மேலும் இருவருடன் சேர்ந்து 1960இல் வெளியிட்ட சிறு கட்டுரையில் இது வந்தது. 'வேலை செய்' என்னும் லத்தீன் வினையிலிருந்து ஆபரேட்டர் (மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் டி.என்.ஏ. இடம்), அதிலிருந்து ஓப்பரான். 'ஆன்' என்ற ஈறு அலகைக் காட்டும். சீமூர் பென்சர் 1957இல் உருவாக்கிய சிஸ்ட்ரான், மியூட்டான் போன்ற மரபலகுச் சொற்களிலும் அதே ஈறுதான்.

அடுத்தடுத்து அமைந்து ஒரே தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும் மரபணுக்களும், அவற்றுக்குப் பொதுவான ஊக்குவிப்பானும் (படியெடுத்தல் தொடங்கும் டி.என்.ஏ. பகுதி) ஆபரேட்டரும் சேர்ந்ததே ஓப்பரான்.

ஈ. கோலை பாக்டீரியாவின் லாக் ஓப்பரான் நன்கறிந்த எடுத்துக்காட்டு. (லாக் என்பது பூட்டு அன்று; லத்தீனில் பால்.) இதில் மூன்று மரபணுக்கள்: இசட், லாக்டோஸை உடைக்கும் பீட்டா-கேலக்டோசிடேஸுக்கு, ஒய், சர்க்கரையை உள்ளே இழுக்கும் பெர்மியேஸுக்கு, ஏ, ஓர் அசெட்டைல் மாற்று நொதிக்கு. ஒடுக்கிப் புரதம் ஆபரேட்டரில் அமர்ந்திருக்கும்வரை படியெடுத்தல் அநேகமாக நடக்காது. அந்த 'அநேகமாக' முக்கியம். ஒடுக்கியை விலக்கும் தூண்டி லாக்டோஸ் அன்று, அல்லோலாக்டோஸ். அதை ஆக்குவதே பீட்டா-கேலக்டோசிடேஸ்தான். லாக்டோஸ் உள்ளே வரவும் பெர்மியேஸ் வேண்டும். கதவு முழுக்க அடைந்திருந்தால் திறக்கவே வழியில்லை. ஒடுக்கியை மீறி எப்போதும் கசிந்து உருவாகும் இவ்விரு புரதங்களின் சில மூலக்கூறுகளே தொடக்கம். தூண்டப்பட்டபின் நொதியின் அளவு ஏறத்தாழ 1000 மடங்காகும்.

குளுக்கோஸ் இருந்தால் லாக்டோஸுக்கு இரண்டு தடைகள்: சுழல் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறு குறைவதால், அதனுடன் சேர்ந்து படியெடுத்தலைக் கூட்டும் சி.ஆர்.பி. புரதம் ஊக்குவிப்பானுக்குத் துணைநிற்காது. குளுக்கோஸைக் கடத்தும் அமைப்பின் புரதம் ஒன்று பெர்மியேஸையே முடக்கிவிடும். குளுக்கோஸ் தீர்ந்ததும் வளர்ச்சி சிறிது தேங்கி, பிறகு தொடரும்.

ஆய்வகத்தில் வேண்டிய புரதத்தின் மரபணுவை இந்த ஊக்குவிப்பானோடு இணைத்து, ஐ.பி.டி.ஜி. என்ற செயற்கைத் தூண்டியை 0.1 முதல் 1 மில்லிமோலார் வரை சேர்ப்பது வழக்கம். பீட்டா-கேலக்டோசிடேஸ் அதை உடைப்பதில்லை. ஆகவே அளவு குறையாது. தூண்டும் முன்பே அப்புரதம் கசிந்து செல்லை வாட்டினால், ஊடகத்தில் 1% குளுக்கோஸ் சேர்த்து அடக்குவார்கள்.

தமிழில் சிக்கல் எங்கே? ஆபரேட்டர், ஓப்பரான் இரண்டையும் 'இயக்கி' என்றால் குழப்பமே மிஞ்சும். ஆபரேட்டர் டி.என்.ஏ.வில் ஓர் இடம். தானாக எதையும் இயக்காது. 'இயக்குமிடம்' என்பதே பொருந்தும். ஓப்பரானுக்கு 'இயக்கலகு': வேர்ச்சொல், ஈறு இரண்டின் பொருளும் அதில் உண்டு. 'மரபணுத் தொகுதி' போதாது. பொதுக் கட்டுப்பாடு அதில் தெரிவதில்லை. ஆக, லாக்டோஸ் இயக்கலகு. ஒடுக்கியை உண்டாக்கும் ஐ மரபணுவையும் பலர் இதற்குள் சேர்க்கிறார்கள். பக்கத்திலேயே இருந்தாலும் அதற்குச் சொந்த ஊக்குவிப்பான் உண்டு, அது தனி.