ஹைஃப்ளையர் ஒரு கப்பலா? உலகப்போர் மெடல்களுக்கான தகுதி விதிகள்

திருகோணமலையில் பழைய வீடுகளின் அலுமாரிகளில் பிரித்தானியா கொடுத்த இரண்டாம் உலகப்போர் மெடல்கள் இன்னும் இருக்கின்றன. அப்பப்பா டொக்யாட்டில் (கடற்படையின் கப்பல் பட்டறையில்) இருந்தார், நேவியில் இருந்தார், கோட்டையில் பீரங்கிப் படையில் இருந்தார் என்ற கதையும் கூடவே இருக்கும். பேரப்பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இவ்வளவுதானா, இன்னும் வரவேண்டிய மெடல் இருக்கிறதா?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டபோது அவர் இங்கேதான் நின்றார் என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் போர்க்கள மெடல்களுக்கு அந்த ஒரு நாள் போதாது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, எந்த இடத்தில், எந்தப் படையின் பதிவேட்டில் எத்தனை நாள் என்பதை மட்டும்தான் விதி பார்க்கும். பட்ட துன்பத்துக்கு அதில் இடமில்லை. கேட்பவர்களுக்கு இது மனவருத்தம் தரும் பதில் என்றாலும், முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

மிக எளிதான விதி 1939–45 வோர் மெடலுக்கு உரியது. 1939 செப்ரெம்பர் 3 முதல் 1945 செப்ரெம்பர் 2 வரையான காலத்தில் முழுநேரப் படைச்சேவை 28 நாள் இருந்தால் போதும். எந்த நாட்டில் என்பது முக்கியமில்லை. வணிகக் கப்பல்காரருக்கு அந்த 28 நாளும் கடலில் கழிந்திருக்க வேண்டும். சிலோன் கடற்படைத் தொண்டர் படையிலோ சிலோன் கரிசன் ஆட்டிலரியிலோ முழுநேரமாக அழைக்கப்பட்டுச் சேவை செய்தவரின் வீட்டில் இந்த மெடல் இல்லையென்றால், அவர் அதற்கு விண்ணப்பிக்காமலே விட்டிருக்கலாம். போர் முடிந்து படையை விட்டு விலகியவர்கள் தாமாக எழுதிக் கேட்டால்தான் மெடல் தபாலில் வந்தது.

டிபென்ஸ் மெடலில்தான் உள்ளூர்க்காரருக்குச் சிக்கல். போர்க்களமாக அறிவிக்கப்படாத வெளிநாட்டுப் பகுதியில் 360 நாள் சேவை என்பது ஒரு வழி. ஆனால் அது சொந்த நாட்டுக்கு வெளியே செய்த சேவையாக இருக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து வந்து திருகோணமலையில் நின்ற மாலுமிக்கு இந்த வழி திறந்திருக்கிறது. அவருக்குப் பக்கத்திலேயே நின்ற மூதூர்க்காரருக்கு இது சொந்த நாடு. அவருக்குள்ள வழி மற்றையது: விமானத் தாக்குதலுக்கு உள்ளான, அல்லது அதன் அச்சுறுத்தல் நெருங்கியிருந்த பகுதியில் 180 நாள். இந்த இரண்டு வழிகளையும் குழப்பி எழுதிய விண்ணப்பம் திரும்பி வரும்.

அடுத்தது ஸ்டார்கள், அதாவது போர்க்களச் சேவைக்குக் கொடுத்த நட்சத்திர வடிவ மெடல்கள். 1939–45 ஸ்டாருக்குக் கடற்படையில் 180 நாள் வேண்டும், அதுவும் போர் நடவடிக்கைப் பகுதியில், கப்பலில். கரையில் கழித்த நாள் இதில் சேராது. அதிகமான குடும்பங்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். சேவைத் தாளில் 'எச்.எம்.எஸ். ஹைஃப்ளையர்' என்று இரண்டு வருடம் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்தவர்கள் அப்பப்பா அந்தக் கப்பலில் இரண்டு வருடம் ஓடினார் என்று நினைப்பார்கள். போர்க்காலப் பதிவில் ஹைஃப்ளையர் என்பது திருகோணமலையின் கரைத்தளம். கொழும்பிலிருந்த 'எச்.எம்.எஸ். லங்கா'வும் அப்படித்தான். பிரித்தானியக் கடற்படை தன் கரைத்தளங்களுக்கும் கப்பலுக்குரிய பெயரையே வைத்தது. ஆகவே தாளில் உள்ள ஒவ்வொரு பெயரையும் தனித்தனியாக எடுத்து, அது மிதந்ததா கரையில் இருந்ததா என்று பிரித்த பிறகே நாட்களைக் கூட்டுங்கள். மறுபக்கமும் உண்டு: தளத்தின் கணக்கில் பெயர் இருந்துகொண்டே சிறு ரோந்துப் படகில் கடலுக்குப் போனவர்களும் இருந்தார்கள். அப்படியானவருக்குப் படகின் பெயர் வரும் எந்தத் துண்டுக் கடிதமும் பெறுமதியானது.

பேர்மா ஸ்டாரின் காலம் 1941 டிசெம்பர் 11 முதல் 1945 செப்ரெம்பர் 2 வரை. கடற்படையினருக்கு எல்லை வங்காள விரிகுடா. இலங்கையின் தென்முனையிலிருந்து தெற்கே 300 மைல், அங்கிருந்து சுமாத்திராவின் தென்முனைக்கு மேற்கே 300 மைலில் உள்ள புள்ளி, பிறகு சுந்தா நீரிணை என்று அந்தக் கோடு போகும். எங்கள் கடல் கோட்டுக்கு உள்ளே இருக்கிறது. எங்கள் கரை கணக்கில் இல்லை. பொதுவாக முதலில் 1939–45 ஸ்டாருக்குரிய 180 நாளை முடித்திருக்க வேண்டும். போரின் கடைசி ஆறு மாதத்துக்குள் போர்ப் பகுதிக்கு வந்து சேர்ந்தவருக்கு விலக்கு உண்டு: அவருக்குப் பேர்மா ஸ்டார் கிடைக்கும், 1939–45 ஸ்டார் கிடைக்காது. பேர்மா, பசிபிக் ஸ்டார்கள் இரண்டையும் ஒருவர் பெற முடியாது. முதலில் தகுதி பெற்றது ஸ்டாராகவும் மற்றது அதன் நாடாவில் ஒரு பட்டையாகவும் வரும்.

சேவை மரணத்தாலோ காயத்தாலோ முறிந்துபோனால் 180 நாள் நிபந்தனை 1939–45 ஸ்டாருக்குப் பொருந்தாது. அதே ஏப்ரல் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலில் இறந்தவர்களைப் போன்றவர்களுக்காகவே இந்த விதி.

டொக்யாட்டில் கூலியாகவோ பிற்றராகவோ எழுதுவினைஞராகவோ வேலை செய்தவர் சிவில் ஊழியர். சீருடைச் சேவை இல்லாததால் வோர் மெடலுக்கோ ஸ்டார்களுக்கோ அவர் தகுதி பெறமாட்டார். ஆனால் அவரிடம் வட்டமான வெள்ளி மெடல் ஒன்று இருந்தால் அலட்சியம் செய்யவேண்டாம். அது இம்பீரியல் சேர்விஸ் மெடலாக இருக்கலாம். நீண்டகாலம், வழக்கமாக 25 வருடம், உழைத்து ஓய்வுபெற்ற கீழ்நிலை அரச ஊழியருக்குக் கொடுத்தது. வேலை முடித்து இளைப்பாறும் மனித உருவம் பின்பக்கத்தில் இருக்கும். விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துப் போகும்வரை எத்தனையோ பேரின் ஆயுள் அந்த மதிலுக்குள் கழிந்தது. என் பார்வையில் போர் மெடல்களைவிட எங்கள் ஊரின் உழைப்புக்கு நேரடிச் சாட்சி இதுதான்.

பெயர் பற்றி இன்னொன்று. பிரித்தானியா வழங்கிய இரண்டாம் உலகப்போர் ஸ்டார்களிலும் வோர், டிபென்ஸ் மெடல்களிலும் பெயர் பொறிக்கப்படவில்லை. பெயர் இல்லாததால் போலி என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களை நம்பவேண்டாம். பெயரில்லாத மெடலுக்கு அடையாளம் தருவது அதோடு இருக்கும் பெட்டி, சீட்டு, சேவைப் புத்தகம்தான். அவற்றை ஒருபோதும் பிரித்து விற்கவோ கொடுக்கவோ கூடாது. புளி போட்டுத் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். காய்ந்த பருத்தித் துணி போதும்.

விண்ணப்பம் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சின் மெடல் அலுவலகத்துக்குப் போகவேண்டும். சேவை செய்தவர் இறந்திருந்தால் சட்டப்படி நெருங்கிய உறவினர் கேட்கலாம்: முதலில் துணைவர், பிறகு பிள்ளைகள். பேரன் கேட்பதானால் தனக்கு முந்தியவர்கள் உயிரோடு இல்லை என்பதைக் காட்டவேண்டும். இறப்பு, விவாக, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களைப் பிரதேச செயலகத்தில் புதிதாக எடுத்து, தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் மாற்றி இணையுங்கள். சேவை இலக்கம்தான் திறவுகோல். கந்தையா என்ற ஒரே பெயர் சேவைத் தாளில் ஒரு எழுத்துக்கூட்டலிலும் இறப்புப் பத்திரத்தில் வேறொன்றிலும் இருக்கும். தகப்பன் பெயர் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து வையுங்கள். சூறாவளியிலும் இடப்பெயர்விலும் சுனாமியிலும் தாள்கள் போன வீடுகளில், சீருடைப் படத்தின் பின்பக்கத்தையும் பழைய கடித உறைகளையும் பாருங்கள். இலக்கம் அங்கே எழுதப்பட்டிருக்கக்கூடும்.

ஒருபோதும் கேட்டுப் பெறாத மெடலுக்குக் கட்டணம் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு மெடலோடு பென்சனும் விசாவும் எடுத்துத் தருவதாகச் சொல்பவர் பொய் சொல்கிறார். போர் மெடல் இரண்டையும் தராது. தொலைந்த மெடலுக்கு மாற்று கிடைப்பது கடினம். களவு போனது அல்லது அழிந்தது என்பதற்கு அந்த நேரத்துப் பொலிஸ் முறைப்பாடு போன்ற ஆதாரம் கேட்பார்கள். முதலாம் உலகப்போர் மெடல்களை இப்போது புதிதாக வழங்குவதும் இல்லை, மாற்றிக் கொடுப்பதும் இல்லை. அதனால் வீட்டில் உள்ளதை இன்றே இரண்டு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து, சேவை இலக்கத்தோடு வேறொரு ஊரில் இருக்கும் உறவினரிடமும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.