41 சதவீதம் மக்கள், ஒரு கவுன்சிலர்கூட இல்லை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாக்கிமா என்று ஓர் ஊர், ஆப்பிள் தோட்டத்துக்குப் பேர்போன இடம். 2010 கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 41 சதவீதம் பேர் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். நகரசபையில் 7 இடங்கள். ஆனால் 2015 வரை ஒரு லத்தீனோகூடத் தேர்தலில் நின்று ஜெயித்து உள்ளே போனதில்லை.

இதற்குக் கள்ள ஓட்டெல்லாம் தேவைப்படவில்லை, தேர்தல் முறையே போதுமானதாக இருந்தது. வார்டுக்கு ஒருவர் என்று பழகிய நமக்கு இது விநோதமாக இருக்கும்: அங்கே இறுதிச் சுற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் ஊர் முழுவதும் ஓட்டுப் போடும். லத்தீனோக்களில் சிறுவர்களையும் குடியுரிமை இல்லாதவர்களையும் கழித்தால், ஓட்டுரிமை உள்ளவர்களில் அவர்கள் ஏறக்குறைய கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு பெரும்பாலும் வேறு பக்கம் சாய்ந்தால் முதல் இடத்தில் தோல்வி, இரண்டாவதிலும் தோல்வி, இப்படியே ஏழிலும். சில இடங்களுக்கு முதல் சுற்று மட்டும் வட்டார அளவில் நடந்தது, அதாவது சொந்தப் பகுதியில் முந்தியவர்கூட ஊர் அளவில் தோற்கலாம்.

1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்துக்கு இது முரண் என்று 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரை 7 வார்டுகளாகப் பிரித்தார்கள். 2015 நவம்பரில் மூன்று லத்தீனோ பெண்கள் ஜெயித்தார்கள்.

அப்போ வார்டு முறைதான் சரியா? எனக்கு அதிலும் சந்தேகம் உண்டு. யாக்கிமாவில் அது பலித்ததற்குக் காரணம், லத்தீனோக்கள் ஊரின் கிழக்குப் பகுதியில் சேர்ந்து வாழ்ந்ததுதான். அதே கால் பங்கு எல்லா வார்டிலும் சமமாகச் சிதறியிருந்தால் எல்லா வார்டிலும் தோல்விதான். எல்லைக்கோட்டை வரைபவர் கையில் வேறு நிறைய அதிகாரம் போய்விடும், அப்புறம் தன் வார்டு சாக்கடையைத் தாண்டி யோசிக்காத கவுன்சிலர்கள், அது நமக்கே தெரிந்த கதை.

உண்மையில் கோளாறு ஊர் முழுக்க ஓட்டுப் போடுவதில் இல்லை, எண்ணும் விதத்தில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 1941 முதல் ஊர் முழுவதும் ஒரே தொகுதி, 9 கவுன்சிலர்கள், வார்டே கிடையாது. வாக்காளர் 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுவார். மொத்த ஓட்டில் பத்தில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டினால் ஓர் இடம், அதற்கு மேல் விழுந்த ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். இந்தக் கணக்கில் கால் பங்கு மக்கள் ஒரே பக்கம் நின்றால், எந்தத் தெருவில் குடியிருந்தாலும், இரண்டு இடம் உறுதி.